இமைக்காத கண், வறண்ட கண்: வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கைத்தொலைபேசி, கணினித் திரை, கண் வறட்சி ஆகியவற்றைப் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு வயது 31. சாங்கி பிசினஸ் பார்க்கில் உள்ள ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். காலை முதல் மாலை வரை என் முன்னால் இரண்டு திரைகள். மாலை நான்கு மணிக்கெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, எரிகிறது. எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. கண்ணை இமைத்தால் தெளிவாகிவிடுகின்றன, சற்று நேரத்தில் மீண்டும் மங்குகின்றன. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிப் போட்டேன், பயனில்லை. கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கண் வெளுக்கிறது, பிறகு முன்னைவிட அதிகமாகச் சிவக்கிறது. திரை என் பார்வையைக் கெடுத்துவிட்டதா?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: கெடுக்கவில்லை, சகோதரி. அந்த அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். ‘இமைத்தால் தெளிவாகிவிடுகிறது’ என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலேயே உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கண்ணாடியின் பவர் மாறியதால் வரும் மங்கல், இமைப்பதால் விலகுவதில்லை. கண்ணின் மேலிருக்கும் கண்ணீர்ப் படலம் கலைவதால் வரும் மங்கல்தான், இமை ஒருமுறை மூடித் திறந்து அந்தப் படலத்தைப் புதுப்பித்ததும் மறைகிறது.

கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் கடப்பது இந்தப் படலத்தைத்தான். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு மட்டுமே. அடியில் சளிப்பொருள் கண்ணின் மேற்பரப்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர் நிற்கிறது. அந்த நீர் ஆவியாகிவிடாமல் எல்லாவற்றுக்கும் மேலாக மிக மெல்லிய எண்ணெய் ஒன்று பரவியிருக்கிறது. இந்த எண்ணெயைத் தருபவை இமைகளின் விளிம்பில் வரிசையாக அமைந்த மைபோமியன் சுரப்பிகள். நாம் முழுமையாக இமைக்கும்போது மேலிமை கீழிமையைத் தொட்டு மீள்கிறது. அந்த ஓர் அசைவில் இரண்டு வேலைகள் நடக்கின்றன: கண்ணீர் கண் முழுவதும் சீராகப் பூசப்படுகிறது, சுரப்பிகள் அழுத்தப்பட்டு எண்ணெய் சிறிது வெளிவருகிறது. ஆகவே இமைப்பு குறைந்தால் நீரும் பரவாது, எண்ணெயும் வராது.

திரையின் முன் இமைப்பு எவ்வளவு குறைகிறது என்பதை ஜப்பானியக் கண் மருத்துவர் கசுவோ சுபோட்டாவும் அவருடைய சக ஆய்வாளர் நக்கமோரியும் அளந்து 1993ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஓய்வாக இருந்தபோது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், மேசையில் வைத்த புத்தகத்தைப் படித்தபோது 10 முறையும், திரையில் படித்தபோது 7 முறையும் மட்டுமே இமைத்தார்கள். இந்த எண்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். 22 முறை என்றால், மூன்று விநாடிக்குள் படலம் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. 7 முறை என்றால், இரண்டு இமைப்புகளுக்கு இடையில் எட்டு விநாடிக்கு மேல் ஆகிறது. நலமான கண்ணில் படலம் பத்து விநாடியோ அதற்கு மேலோ கலையாமல் நிற்பதால் அந்த இடைவெளி தாங்கக்கூடியதே. உங்கள் படலம் ஐந்து விநாடியில் கலைந்துவிடுவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வோர் இடைவெளியிலும் மூன்று விநாடிக்கு மேல் உங்கள் கருவிழியின் மேற்பரப்பு மறைப்பின்றிக் காற்றில் கிடக்கிறது. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த பரப்புகளில் அதுவும் ஒன்று. எரிச்சலும் உறுத்தலும் அங்கிருந்துதான் எழுகின்றன.

புத்தகத்தைப் படிக்கும்போதும் இமைப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறதே, அப்படியானால் திரையை மட்டும் ஏன் குறை சொல்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். விடை அதே ஆய்வில் இருக்கிறது. புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறோம். மேலிமை தாழ்ந்து கண்ணின் பெரும்பகுதியை மூடிக்கொள்கிறது. அவர்கள் அளந்தபோது காற்றில் திறந்திருந்த கண்பரப்பு, புத்தகம் படிக்கையில் 1.2 சதுர சென்டிமீட்டராகவும், திரையைப் பார்க்கையில் 2.3 சதுர சென்டிமீட்டராகவும் இருந்தது. முகத்துக்கு நேராக நிமிர்ந்து நிற்கும் திரை கண்ணை அகலத் திறக்க வைக்கிறது. நீர் ஆவியாகும் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இதனால்தான், கண்ணாடியை மாற்றுவதற்கு முன்பே திரையைத் தாழ்த்துங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். திரையின் மேல்விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மடிக்கணினியை உயரமான தாங்கியில் தூக்கி வைப்பது கழுத்துக்கு இதமாக இருக்கலாம், ஆனால் அளவுக்கு மேல் உயர்த்தினால் அந்த இதத்துக்குக் கண்கள் விலை கொடுக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரையின் முன் நாம் இமைக்கும் அந்தச் சில முறைகளிலும் பல அரைகுறை இமைப்புகளே. மேலிமை பாதிவழி இறங்கிவிட்டு மீண்டும் ஏறிவிடுகிறது. கருவிழியின் கீழ்ப்பகுதியை அது தொடுவதே இல்லை. உங்களைப் போன்றவர்களின் கண்ணில் ஃபுளோரசின் என்னும் சாயத்தை இட்டு, நீல ஒளியில் உருப்பெருக்கியின் வழியே பார்க்கும்போது இது தெளிவாகப் புலப்படும். கண் முழுவதும் பச்சையாக ஒளிரும். ‘ஒருமுறை இமைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தபடியே வைத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால், அந்தப் பச்சைப் பரப்பில் சில விநாடிகளில் ஒரு கரும்புள்ளி தோன்றும். அது பரவி, ஒழுங்கற்ற கருந்திட்டாகும். படலம் கலைந்த இடம் அது. பல வேளைகளில் அந்தத் திட்டு கருவிழியின் கீழ்ப்பகுதியிலேயே முதலில் தோன்றுகிறது. இமை எட்டாமல் விட்ட அதே இடத்தில், உலர்ந்த செல்கள் சாயத்தை உறிஞ்சி நுண்ணிய பச்சைப் புள்ளிகளாகக் குறுக்கே வரிசையிட்டிருப்பதையும் காணலாம். வலி இருக்கிறது, ஆனால் கண் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் சொல்லக் கேட்டு மனம் நொந்தவர்கள், அந்தப் படத்தைத் திரையில் பார்த்ததும் ஆறுதல் அடைகிறார்கள்.

இனி நீங்கள் வாங்கியவற்றைப் பற்றி. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, கணினியால் வரும் கண் சோர்வை அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. திரையிலிருந்து வரும் நீல ஒளி, பகலில் வெளியே நடக்கும்போது கண்ணில் படுவதைவிட மிகமிகக் குறைவு. சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தோ, இரத்தக் குழாய்களைச் சுருக்கி அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறதே தவிர, வறட்சிக்கு ஒன்றும் செய்வதில்லை. அதன் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. நீங்கள் காணும் சிவப்பு அதுவே. தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாகச் செயற்கைக் கண்ணீர்த் துளிகளைப் பயன்படுத்தலாம். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதனப் பொருள் சேர்க்காத, ஒரு நாளைக்கென்று சிறு குப்பிகளில் வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஏனெனில் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பதனப் பொருள்கள் அடிக்கடி பட்டால், அவையே கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஆறு மீட்டர் தொலைவில் உள்ள ஒன்றை இருபது விநாடி பாருங்கள் என்ற அறிவுரையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தொலைவில் பார்ப்பது கண்ணின் குவிக்கும் தசைக்கு ஓய்வு. ஆனால் அந்த இருபது விநாடியிலும் கண்ணை அரைகுறையாகவே இமைத்துக்கொண்டிருந்தால் வறட்சி தீராது. ஆகவே அதனோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரு இமைகளும் ஒன்றையொன்று தொடும்படி மெதுவாக மூடி, இரண்டு விநாடி அப்படியே வைத்துப் பிறகு திறங்கள். இவ்வாறு நான்கைந்து முறை. நினைவு வைத்துக்கொள்வது கடினம் என்பதால், ஏதேனும் ஒரு செயலோடு இதை இணைத்துவிடுவது நல்லது. மின்னஞ்சல் ஒன்றை அனுப்பியதும் ஒருமுறை, அடுத்த கோப்பு திறக்கும் வரை ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். காண்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால், அலுவலக நாள்களில் சில நாளாவது கண்ணாடிக்கு மாறிப் பாருங்கள்.

இவ்வளவு ஈரக்காற்று வீசும் சிங்கப்பூரில் கண் எப்படி உலரும் என்று பலர் வியக்கிறார்கள். நம்மில் பலர் அந்த ஈரக்காற்றில் இருப்பதே இல்லை. குளிர்சாதன அறையில் உறங்கி, குளிர்சாதனப் பேருந்திலும் எம்ஆர்டியிலும் பயணம் செய்து, குளிர்சாதன அலுவலகத்தில் நாளைக் கழிக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீர், அறைக்காற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஈரம்தான். உங்கள் இருக்கைக்கு மேலே காற்று வரும் துளை இருந்தால், அதன் திசையை மாற்றித் தரும்படியோ வேறு இருக்கை தரும்படியோ மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 67 வயது. சென்ற ஆண்டு இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரவில் படுத்துக்கொண்டே கைத்தொலைபேசியில் தொடர் நாடகம் பார்ப்பது வழக்கம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மருத்துவரிடம் காட்டினால், ‘கண் வறண்டிருக்கிறது’ என்று சொல்லிச் செயற்கைக் கண்ணீர் கொடுக்கிறார். தண்ணீர் வழிகிற கண்ணுக்கு மேலும் தண்ணீர் எதற்கு?
(வாசகி, தோ பாயோ)

பதில்: அம்மா, உங்கள் ஐயம் மிக நியாயமானது. மருத்துவர் சொன்னதும் சரிதான். வெங்காயம் நறுக்கும்போது கண் எப்படித் தண்ணீரை வாரி இறைக்கிறதோ, அதே ஏற்பாடுதான் இங்கும் இயங்குகிறது. கருவிழி உலர்ந்து நரம்புகள் உறுத்தலை உணர்ந்ததும், ஆபத்து என்று எண்ணிக் கண்ணீர்ச் சுரப்பி ஒரே நேரத்தில் நிறைய நீரைச் சுரந்துவிடுகிறது. அந்த நீரில் எண்ணெயும் சளிப்பொருளும் போதுமான அளவில் இல்லாததால், அது கண்ணில் படலமாக நிற்காமல் கன்னத்தில் வழிந்தோடிவிடுகிறது. வழிந்த பின் கண் மறுபடி உலர்கிறது. மறுபடி நீர் கொட்டுகிறது. உங்களுக்குத் தரப்பட்ட துளி இந்தச் சுற்றை நிறுத்துவதற்காகவே. கண்ணில் தங்கி நிற்கும் தன்மை அதற்கு உண்டு. ஒரு கண்ணில் மட்டும், இரவு பகல் பாராமல் நீர் வழிந்தால், கண்ணீர் வடியும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். நீங்கள் அப்படி எழுதவில்லை.

வயது கூடும்போது நீரும் எண்ணெயும் இரண்டுமே குறைகின்றன. கண்புரை அறுவையின்போது கருவிழியின் ஓரத்தில் போடப்படும் சிறு கீறல், அங்குள்ள மெல்லிய நரம்புகளில் சிலவற்றைத் துண்டிப்பதால், சில மாதங்கள் வறட்சி கூடுவது வழக்கம்; பிறகு மெல்ல மெல்லக் குறையும். உங்களுக்கு ஓராண்டு ஆகிவிட்டதால், இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளே இப்போது முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். அந்தச் சுரப்பிகளின் எண்ணெய், உடற்சூட்டில் உருகி ஒழுகும் தன்மையுடையது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதுபோல், இது கெட்டிப்பட்டுவிட்டால் இமைத்தாலும் வெளிவராது.

அதற்கு வெந்நீர் ஒத்தடத்தைவிட மலிவான, நல்ல மருத்துவம் இல்லை. ஆனால் பலர் அதைச் செய்யும் விதத்தில்தான் பயன் போய்விடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியைப் பத்து நிமிடம் வைத்திருந்தாலும் எண்ணெய் உருகாது. மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் சுடாமல், ஆனால் நன்றாக வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்குத் துணியை நனையுங்கள். மூடிய கண்மேல் வையுங்கள். ஆற ஆற மீண்டும் நனைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் வரை தொடருங்கள். முடித்த கையோடு, சுத்தமான விரல் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், இமை முடிகளை நோக்கி மெல்லத் தடவுங்கள், கண்ணையே அழுத்தாதீர்கள். ஒருநாள் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். சில வாரங்கள் நாள்தோறும் செய்தால்தான் தெரியும். புதிதாக அறுவை செய்துகொண்டவர்கள், தங்கள் அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

நாடகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மல்லாந்து படுத்து, கைத்தொலைபேசியை முகத்துக்கு மேலே பிடித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது கண் முழுவதுமாகத் திறந்திருக்கிறது. மின்விசிறியின் காற்றும் நேராக அதில் படுகிறது. சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கைத்தொலைபேசியை வைத்துக் குனிந்து பாருங்கள்.

கேள்வி: ஐயா, நான் தனியார் வாடகை கார் ஓட்டுகிறேன். நாளெல்லாம் ஓட்டத்தில்தான். முன்னால் கைத்தொலைபேசி, முகத்துக்கு நேரே ஏர்கான். இரவில் எதிரே வரும் விளக்குகள் சிதறித் தெரிகின்றன. தும்மலுக்காகத் தினமும் ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் ஏதும் ஆகுமா?
(வாசகர், சுவா சூ காங்)

பதில்: ஆகலாம். ஒவ்வாமை மாத்திரைகளில் சில, குறிப்பாகத் தூக்கம் வரவழைக்கும் பழைய வகைகள், வாயை உலர்த்துவதுபோலவே கண்ணீரையும் குறைக்கின்றன. அவ்வகை மாத்திரையை உண்டு கார் ஓட்டுவதே ஆபத்து. எனவே மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டி, மாற்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். காற்றுத் துளைகளை மார்புக்கோ காலடிக்கோ திருப்புங்கள். சாலையைக் கூர்ந்து பார்க்கும்போதும், திரையைப் பார்க்கும்போது போலவே, இமைப்பு குறைகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கைத்தொலைபேசியை எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, இமைகள் முழுமையாகத் தொடும்படி நான்கைந்து முறை இமைத்துக்கொள்ளுங்கள். விளக்குகள் சிதறித் தெரிவதற்குக் கலைந்த கண்ணீர்ப் படலம் காரணமாக இருக்கக்கூடும். கண்புரையும் பவர் மாற்றமும் அதே குறியைத் தரும் என்பதால் ஒருமுறை முழுக் கண் பரிசோதனை செய்துகொள்வது உங்களுக்கும் பயணிகளுக்கும் பாதுகாப்பு. கூழ் போன்ற கண்மருந்துகளைப் படுக்கப் போகும்போது மட்டும் போடுங்கள். அவை சிறிது நேரம் பார்வையை மறைக்கும்.

கேள்வி: டாக்டர், என் மகன் தொடக்கநிலை 2 படிக்கிறான். ஒரு மாதமாகக் கண்ணைப் படபடவென்று கொட்டிக்கொண்டே இருக்கிறான். டேப்லெட் பார்த்ததால்தான் என்று மாமியார் சொல்கிறார். அதட்டினால் இன்னும் அதிகமாகிறது. உயர்நிலை 2 படிக்கும் மகளோ கண் எரிகிறது என்கிறாள். அவளுக்குப் பள்ளிப் பாடமே கணினியில்தான். என்ன செய்வது?
(வாசகி, செங்காங்)

பதில்: முதலில் மகனை அதட்டுவதை நிறுத்துங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அவன் அதை வேண்டுமென்று செய்யவில்லை. பெரியவர்கள் ‘கண் உலர்ந்திருக்கிறது, எரிகிறது’ என்று சொல்வார்கள்; சிறுவர்களுக்கு அந்தச் சொற்கள் வராது. அவர்கள் கண்ணைத் தேய்ப்பார்கள் அல்லது கொட்டுவார்கள். கண்ணைத் தேய்த்துக்கொண்டே கொட்டினால், ஒவ்வாமை இருக்கலாம். நம் நாட்டில் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகள் அதற்குப் பொதுவான காரணம். தொலைக்காட்சிக்கு அருகில் போய் நின்றாலோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, கிட்டப்பார்வை தொடங்கியிருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், படபடப்பான வேளையில் அதிகமாகி, விளையாட்டில் மூழ்கும்போது குறைந்து, உறக்கத்தில் அறவே இல்லாமல் போனால், அது தன்னையறியாமல் வரும் தசைத் துடிப்பாக இருக்கக்கூடும். அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். சுட்டிக்காட்டச் சுட்டிக்காட்ட நீடிக்கும். எதுவென்று அறிய ஒருமுறை கண்ணைச் சோதிப்பது அவசியம். மாமியாரின் கணிப்பிலும் ஓரளவு உண்மை இருக்கலாம்: நெடுநேரம் இமைக்காமல் விளையாடிவிட்டுத் திரையை வைத்ததும், உலர்ந்த கண்ணை நனைக்கப் பிள்ளைகள் விரைவாகக் கொட்டுவதுண்டு.

சுகாதார அமைச்சு 2025ஆம் ஆண்டில் புதுப்பித்த வழிகாட்டி, 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றும், 7 முதல் 12 வயது வரை பள்ளிப் பாடம் நீங்கலாக இரண்டு மணி நேரத்துக்குள் என்றும் கூறுகிறது. உங்கள் மகனுக்கு அந்த இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாமல் பிரித்துக் கொடுங்கள்.

மகளின் நிலை வேறு. 2021ஆம் ஆண்டுக்குள் உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் கற்றல் கருவி கிடைக்கும்படி கல்வி அமைச்சு செய்துவிட்டதால், அவளால் திரையை விலக்க முடியாது. அதை எப்படி வைத்துப் பார்க்கிறாள் என்பதையே மாற்ற முடியும். முதல் கடிதத்துக்கு எழுதியவை அவளுக்கும் பொருந்தும். கட்டிலில் குப்புறப் படுத்துப் படிக்க வேண்டாம். பாடத்தை முடித்த பின் ஓய்வுக்கும் கைத்தொலைபேசியையே எடுப்பதுதான் இந்த வயதுப் பிள்ளைகளின் கண்ணைப் பெரிதும் வருத்துகிறது. புளோக்கின் கீழே இறங்கி, பகல் வெளிச்சத்தில் சற்று நடக்கட்டும். வறட்சியும் கிட்டப்பார்வையும் வெவ்வேறு சிக்கல்கள். ஆனால் பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது, கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவும் என்பதால், அந்த நடை இரண்டுக்கும் நல்லது.

கேள்வி: எனக்கு இன்னும் சில மாதங்களில் திருமணம். வேலையிலும் கைத்தொலைபேசியிலும் கண் காய்ந்துவிடுகிறது. பாட்டி விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்கிறார். அம்மா பன்னீர் விடச் சொல்கிறார். ஊரிலிருந்து வந்த அத்தை நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது? கண்ணுக்குள் மை தீட்டலாமா?
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: மூவரும் அன்பினால் சொல்கிறார்கள். மூடிய இமைமேல் குளிர்ந்த பூவை வைத்துப் படுத்திருந்தால், கண் மூடியிருக்கும் நேரம் வரை அது ஓய்வுதான், கெடுதல் இல்லை. கண்ணுக்குள் மட்டும் எதையும் விடாதீர்கள். கடைகளில் விற்கும் சில செயற்கைக் கண்ணீர்த் துளிகளில் விளக்கெண்ணெய் சேர்க்கப்படுவது உண்மையே. ஆனால் அது கிருமி நீக்கப்பட்டு, கண்ணுக்கேற்ற அளவில், நுண்துளிகளாக நீரில் கலக்கப்பட்டது. சமையலறைப் புட்டியில் உள்ள எண்ணெய்க்கும் பன்னீருக்கும் அந்தத் தூய்மை கிடையாது. ஏற்கெனவே உலர்ந்து நுண்புண்கள் உள்ள கருவிழியில் கிருமி புகுந்தால், அது பார்வைக்கே கேடாகலாம். தேன், தாய்ப்பால், வெங்காயச் சாறு ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

மையைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. இமை முடிகளுக்கு உள்ளே, ஈரமான விளிம்பில் மை தீட்டும்போது, முன்னே சொன்ன எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் நேராக அதனால் அடைபடுகின்றன. முடிகளுக்கு வெளிப்புறமாகத் தீட்டுங்கள். இரவில் முழுவதுமாகத் துடைத்துவிட்டு உறங்குங்கள். சில நாட்டு மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருப்பதால், உள்ளடக்கம் அச்சிடப்படாத மையை வாங்க வேண்டாம். திருமண நாளன்று போகும் இடமெல்லாம் குளிர்சாதனமும் ஒளிப்படக்காரர்களின் விளக்குமாக இருக்கும். பதனப் பொருள் இல்லாத சிறு குப்பிகள் சிலவற்றைத் தோழியின் கைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் கண் வறட்சி நீங்குமா?
(வாசகர், பிடோக்)

பதில்: நீங்கும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. அமெரிக்காவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நாளுக்கு 3,000 மில்லிகிராம் ஒமேகா 3 உண்டவர்களும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை உண்டவர்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றமே கண்டிருந்தார்கள். மீன் உண்பவராக இருந்தால் மீனை உண்ணுங்கள். மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை நல்ல கண்ணீர்த் துளிக்குச் செலவிடலாம்.

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயது. ஆறு மாதமாகக் கண் வறட்சி. திரையை வெகுவாகக் குறைத்துவிட்டேன், துளியும் போடுகிறேன், குறையவில்லை. வாயும் உலர்கிறது, தண்ணீர் இல்லாமல் சப்பாத்தி இறங்குவதில்லை. காலையில் விரல் மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. வீட்டில் எல்லாரும் ‘கைத்தொலைபேசிதான் காரணம், மாதவிடாய் நிற்கும் வயது வேறு’ என்கிறார்கள்.
(வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: சகோதரி, இன்று வந்த கடிதங்களிலேயே என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது உங்களுடையதுதான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் கண் வறட்சி கூடுவது உண்மை. ஆனால் கண்ணும் வாயும் சேர்ந்து உலர்ந்து, மூட்டும் வலித்தால், அதைத் திரையின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933ஆம் ஆண்டில் விரிவாக எழுதிவைத்து, இன்று அவர் பெயராலேயே வழங்கும் ஒரு நோய் உண்டு. அதில் உடலின் எதிர்ப்பாற்றலே திசைமாறிக் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிறது. அந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். நடுத்தர வயதில்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறது. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. அது இல்லை என்று உறுதிசெய்யாமல் விடவும் கூடாது.

அருகிலுள்ள பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, கண், வாய், மூட்டு ஆகிய மூன்றையும் ஒரே வருகையில் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒரு நாள், மூட்டுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாகச் சொன்னால், மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு தவறிப்போகிறது. அங்கிருந்து சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்துக்கோ அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அவ்வழியே சென்றால் கட்டணக் கழிவும் கிடைக்கும். கீழிமையில் மெல்லிய தாள்பட்டை ஒன்றை ஐந்து நிமிடம் மாட்டிவைத்து, அது எவ்வளவு நனைகிறது என்று அளப்பார்கள். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் கண்ணீர் மிகக் குறைவு என்று பொருள். இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். நோய் இருப்பது தெரிந்தால் சிகிச்சை உண்டு. அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் துளிகள் உள்ளன; அவை பலன் தர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். கண்ணீர் வடிந்துபோகும் சிறு துளையில் அடைப்பான் வைத்து, இருக்கும் கண்ணீரைத் தேக்குவதும் ஒரு வழி. எவரேனும் தங்களிடம் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு துளியைக் கொடுத்தால் வாங்கிப் போடாதீர்கள். உடனே இதமளிப்பதுபோல் தோன்றினாலும், கண்காணிப்பின்றிப் போட்டால் கண் அழுத்தத்தை உயர்த்தி, கண்புரையையும் வரவழைக்கும்.

இந்தப் பகுதியைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கண்ணில் கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், திடீர்ப் பார்வைக் குறைவு, சீழ் ஆகியவற்றில் எது வந்தாலும் அது வெறும் வறட்சியன்று. காண்டாக்ட் லென்ஸ் அணிபவரின் கண் சிவந்து வலித்தால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சகோதரி, நீங்கள் போடும் துளிப் புட்டிகளையும் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் கண்ணீர்த் துளி போடாமல் இருந்தால் அளவு சரியாக வரும். கண் அழுத்த நோய்க்காக வேறு துளி ஏதும் போடுபவராக இருந்தால், அதை மட்டும் வழக்கமான நேரத்தில் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.